ஒட்டுப் படமும் ஓர் எழுத்துப் பிழையும்

முதலில் ஒரு திருத்தம். பனமலைக் கோயில் அடித்தளக் கல்வெட்டில் ஓர் எழுத்து அடுத்தடுத்து இரண்டு தடவை வெட்டப்பட்டிருக்கு என்று சில மாதங்களுக்கு முன்னால் ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். அது தப்பு. கல்லில் அந்த எழுத்து ஒரு தடவைதான் இருக்கு. இரண்டாவதை வெட்டியது ராஜசிம்மப் பல்லவனின் கல்தச்சன் இல்லை, என் கம்ப்யூட்டரில் இருக்கிற போட்டோஷாப்.

திருத்தம் இவ்வளவுதான். ஆனால் இது எப்படி நடந்தது என்று தோண்டப் போனதில், இப்போது எல்லாரும் எடுத்துத் தள்ளுகிற பனோரமா படங்களைப் பற்றி எனக்கு இருந்த அபிப்பிராயமே மாறிப்போச்சு. அதைத்தான் கொஞ்சம் விரிவா எழுதலாம் என்று நினைக்கிறேன்.

கெடாரிலிருந்து பனமலை வண்டியில் போய்விட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடும் தூரம்தான். ஏரிக்கரை ஒட்டி ஒரு சின்ன மலை, மேலே தாளகிரீசுவரர் கோயில். கட்டியவன் ராஜசிம்மன் எனும் இரண்டாம் நரசிம்மவர்மன், ஆட்சிக்காலம் சுமார் 700 முதல் 728 வரை. காஞ்சி கைலாசநாதர் கோயிலும் மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலும் அவன் வேலைதான். பனமலைக்கு வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் அங்கே இருக்கும் ஓவியத்துக்காக வருகிறார்கள். குடை நிழலில், ஒரு காலை மடக்கி, தலையைச் சாய்த்து நிற்கும் அந்த அம்மனைப் பார்த்துவிட்டு, போன்ல ரெண்டு படம் எடுத்துட்டு இறங்கிடுவாங்க. அடித்தளத்தைச் சுற்றி ஓடுகிற பல்லவ கிரந்தக் கல்வெட்டை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. சமஸ்கிருதச் செய்யுள், பல்லவர் வம்சத்தைச் சொல்வது. எனக்கு கிரந்தம் சொல்லிக்கொடுத்த ஐயா ஒருத்தர் இருக்கார், எண்பதைத் தாண்டியவர், மலை ஏற முடியாது. "அந்த வரியை அப்படியே ஒரே படமா பாக்கணும்ப்பா, துண்டு துண்டா பாத்தா யாப்பு கண்ணுல நிக்க மாட்டேங்குது" என்றார். அங்கே ஆரம்பிச்சது.

கையில் வைத்தே 26 படம் எடுத்தேன். தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடங்களில் அனுமதிக் கடிதம் இல்லாமல் டிரைபாட் வைக்க முடியாது என்பதால் கைதான். சுவருக்கு எதிரே நின்று ஒரு படம், வலது பக்கம் ஒரு அடி நகர்ந்து அடுத்தது, மறுபடி நகர்ந்து அடுத்தது. வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் போட்டோமெர்ஜில் தள்ளினேன். கடைத்தெரு ஸ்டூடியோ தம்பிதான் போனில் வழி சொன்னான்: "அண்ணே, ஃபைல்ல ஆட்டோமேட்டுக்குப் போங்க, போட்டோமெர்ஜ், லேஅவுட் ஆட்டோ. கீழ எல்லா டிக்கையும் போட்டுடுங்க. ஓரத்துல காலியா இருக்கிற எடத்துக்கு கன்டென்ட் அவேர் ஃபில்னு ஒண்ணு இருக்கும், அதையும் போடுங்க. கல்லை அதுவே நிரப்பிடும்."

கல்லை அதுவே நிரப்பிடும். அன்னைக்கு இந்த வாக்கியம் எனக்கு உறைக்கல.

படம் அருமையாக வந்தது. ஒரு தையல் தெரியல. வெளிச்சம் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே சீர். ஐயா வீட்டில் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன், பாய் மாதிரி தரையில் விரித்து வைத்துப் படித்தார். இரண்டு நாள் கழித்து போன்: "அச்சுல ஒண்ணுதான் இருக்கு, உன் படத்துல அந்த எழுத்து ரெண்டு தடவை வருது. வெட்டினவன் தூக்கத்துல வெட்டிட்டானா, இல்ல படிச்சவங்க கண்டுக்காம விட்டுட்டாங்களா?" கல்வெட்டில் எழுத்து இரட்டிப்பது நடக்கிற விஷயம்தான். ஓலையில் பார்த்து வெட்டுகிற தச்சன் கண் தவறி அதே எழுத்தை மறுபடி வெட்டுவான். அதனால் எங்கள் இருவருக்குமே சந்தேகம் கல்மேல்தான் போனது, படத்துமேல் போகல. நான் குறிப்பு எழுதிவிட்டேன். ஐயா அந்த இரட்டிப்பைச் செய்யுளின் சீரோடு பொருத்திப் பார்ப்பதில் இரண்டு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டார். கடைசியில் அவர்தான், "ஒட்டாத படங்களைக் கொண்டா" என்றார். 13ஆம் படத்தில் ஒரு எழுத்து. 14ஆம் படத்தில் அதே எழுத்து. இரண்டும் சேரும் இடத்தில் ஒட்டுப் படத்தில் மட்டும் இரண்டு.

ஏன் இப்படி? விழுப்புரம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் தெரியும். ரோட்டோரப் புளியமரம் விசுக்கென்று பின்னால் ஓடும், தூரத்து மலை நம்மோடவே வரும். கேமரா நகர்ந்தால் கிட்ட இருப்பது அதிகமாக நகரும், எட்ட இருப்பது குறைவாக நகரும். நின்ற இடத்திலேயே நின்று கேமராவை மட்டும் திருப்பினால் இந்தச் சிக்கல் இல்லை. அதிலும் லென்ஸின் நுழைவுத்துளை இருக்கும் புள்ளியை அச்சாக வைத்துத் திருப்பினால் கிட்ட இருப்பதும் எட்ட இருப்பதும் ஒன்றாகவே நகரும். அதனால்தான் நிலக்காட்சி எடுப்பவர்கள் அந்தப் புள்ளியைத் தேடி அலைகிறார்கள். ஆனால் நீளமான சுவரை நின்ற இடத்திலிருந்து திருப்பி எடுத்தால் ஓரத்து எழுத்துகள் சாய்ந்து நசுங்கிவிடும். சுவருக்கு, கூடவே நடந்துதான் எடுக்கணும். நடந்தால், சுவர் ஒரே தட்டையான தளமாக இருக்கும் வரை எல்லாம் சரி. சுவருக்கு முன்னால் ஏதாவது துருத்திக்கொண்டு இருந்தால் போச்சு.

இப்போது மென்பொருள் என்ன செய்யுது என்று பார்ப்போம். இரண்டு படங்களிலும் பொதுவாக இருக்கிற அடையாளப் புள்ளிகளை அது தேடும். புள்ளி என்றால் ஒரு மூலை, ஒரு கறை, ஒரு விரிசல் முனை. இந்தத் தேடலை ஆள் உதவியே இல்லாமல் செய்ய முடியும் என்று காட்டியவர்கள் கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்த மேத்யூ பிரவுனும் டேவிட் லோவும். 2003இல் வந்தது அவர்கள் கட்டுரை. அதற்கு முன்னால், 1998 வாக்கில் ஹெல்முட் டெர்ஷ் என்ற ஜெர்மன் பேராசிரியர் எழுதிய பனோரமா டூல்ஸில் புள்ளிகளை நாமே ஒவ்வொன்றாகக் குத்தணும். அந்த வழியில் வந்த இலவச மென்பொருள்தான் ஹியூகின். புள்ளிகள் கிடைத்ததும் ஒரு படத்தை இன்னொன்றின் மேல் உட்கார வைக்கும். பிறகு வெட்டுக்கோடு எங்கே போகணும் என்று தீர்மானித்து, கோட்டுக்கு இந்தப் பக்கம் முதல் படம், அந்தப் பக்கம் அடுத்த படம் என்று எடுத்து, இடையில் நிறத்தைக் கரைத்துவிடும்.

என் படங்களில் புள்ளிகள் எங்கே விழுந்திருக்கு தெரியுமா? எழுத்தில் இல்லை. சுவருக்கு முன்னால் தரையில் கிடந்த சல்லியிலும் புல்லிலும். எழுத்து வெட்டிய கல் ஒரே நிறம், தேய்ந்து போனது. சல்லியோ கறுப்பும் வெளுப்புமாகத் துல்லியமாகத் தெரிந்தது. மென்பொருள் சல்லியை ஒழுங்காக ஒட்டிவிட்டது. அதற்கு ஒரு முழம் பின்னால் இருந்த எழுத்து அதற்குப் பிறகு எங்கே விழுந்தால் அதுக்கென்ன. முன்னால் இருப்பதைப் பிடித்து ஒட்டினால் பின்னால் இருப்பது இரட்டிக்கும். பின்னால் இருப்பதைப் பிடித்து ஒட்டினால் முன்னால் இருப்பதில் கொஞ்சம் காணாமல் போகும். இரண்டு பென்சிலை முன்னும் பின்னுமாக நிறுத்தி, போனை நகர்த்தி எடுத்து ஒட்டிப் பாருங்க, ஐந்து நிமிஷ வேலை.

எனக்கு நடந்தது இரட்டிப்பு. நல்ல வேளை. விழுங்கியிருந்தால்? இரட்டித்த எழுத்தாவது கண்ணில் உறுத்தும், ஐயாவைத் தூங்கவிடாது. காணாமல் போன எழுத்து யாரையும் எழுப்பாது. அச்சில் ஏறாத ஒரு கல்வெட்டாக இருந்தால், ஒத்துப் பார்க்க எதுவும் இல்லாமல், அந்த எழுத்து இல்லாமலேயே வாசகம் ஊர் சுற்றியிருக்கும்.

"கல்லை அதுவே நிரப்பிடும்" விஷயத்துக்கு வருகிறேன். கன்டென்ட் அவேர் ஃபில் போட்டோஷாப்பில் வந்தது 2010இல். 2015 வாக்கில் அதைப் போட்டோமெர்ஜுக்குள்ளேயே ஒரு டிக் ஆக வைத்துவிட்டார்கள். ஒட்டின படத்தின் ஓரம் எப்போதும் பிய்ந்த தோசை மாதிரி இருக்கும். அந்தப் பள்ளங்களில் பக்கத்தில் இருக்கிற கல்லைப் பார்த்து, அதே மாதிரி கல்லை அது நெய்து வைக்கும். வானத்துக்கும் வயலுக்கும் இது வரப்பிரசாதம். கல்வெட்டில்? என் படத்தின் கீழ் ஓரத்தில் இரண்டு இடத்தில் கீறல் மாதிரி, அரை எழுத்து மாதிரி ஏதோ இருந்தது. ஐயா அதைப் பின்னால் யாரோ கிறுக்கியதாக இருக்கும் என்று பென்சிலில் வட்டம் போட்டு வைத்திருந்தார். தனிப் படங்களில் அந்த இடமே இல்லை. கேமரா பார்க்காத கல் அது. எட்டாம் நூற்றாண்டிலும் இல்லை, இருபத்தோராம் நூற்றாண்டிலும் இல்லை.

இதற்காக நான் பனோரமாவே கூடாது என்று சொல்ல வரல. ஸ்டூடியோ தம்பி கல்யாண மண்டப மேடையை ஏழு படத்தில் எடுத்து ஆல்பத்தின் நடுப்பக்கத்தில் விரித்துப் போடுகிறான், பார்க்க நல்லாத்தான் இருக்கு, நாதஸ்வரக்காரர் ரெண்டு இடத்தில் இருந்தால்கூட யாருக்கும் நஷ்டம் இல்லை. என் சண்டை, அழகுக்காகச் செய்த அமைப்பை ஆவணத்துக்கு அப்படியே தூக்கிப் போடுவதோடுதான். அந்த மென்பொருளின் ஒவ்வொரு டிக்கும் ஒரே ஒரு ஆசையை வைத்துச் செய்யப்பட்டது: ஒட்டியது தெரியக்கூடாது. எனக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர்.

செஞ்சிக்கு வாருங்கள். 2025 ஜூலையில் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்ற பட்டியலில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ சேர்த்தது, அதில் 11 மகாராஷ்டிராவில், தமிழ்நாட்டுக்கு ஒன்று, அது செஞ்சி. அதிலிருந்து செஞ்சியின் அகலப் படங்கள் வாட்ஸ்அப்பில் மழையாகக் கொட்டுது. ஃபிளெக்ஸிலும் பார்த்தேன். அதில் அடிக்கடி வருவது ஒரு மாதிரிப் படம்: ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி, மூன்றும் தோளோடு தோள் நின்று போஸ் கொடுக்கிற மாதிரி வரிசையாக. கீழே மதில் ஒரே நேர்க்கோடாக ஓடும். வானம் ஊதாவும் ஆரஞ்சுமாக. லைக்குகள் குவியுது.

செஞ்சியின் புத்திசாலித்தனமே அந்த மூன்று மலைகளும் வரிசையில் இல்லை என்பதுதான். ராஜகிரி மேற்கே, கிருஷ்ணகிரி வடக்கே, சந்திரகிரி தென்கிழக்கே. முக்கோணம். மூன்று முனைகளையும் மதிலால் இணைத்து நடுவில் ஒரு ஊரையே அடைத்து வைத்த கோட்டை. ஒரு மலை விழுந்தாலும் மற்றது நிற்கும். முகலாயப் படை 1690லிருந்து 1698 வரை இங்கே மல்லுக்கட்ட வேண்டி வந்ததற்கு இந்த அமைப்பும் ஒரு காரணம். முக்கோணத்துக்கு நடுவில் நின்று சுற்றிலும் சுட்டு, சிலிண்டிரிகல் லேஅவுட்டில் விரித்தால் என்ன ஆகும்? நம்மைச் சூழ்ந்து நிற்கிற மலைகள் நமக்கு எதிரே வரிசை கட்டி நிற்கும். உள்ளே நின்று எடுத்த படம் வெளியே நின்று எடுத்த மாதிரி ஆகிவிடும். வளைந்து போகிற மதில் நேராகும், நேரான மண்டபச் சுவர் வில்லாக வளையும். அதைப் பார்த்து ஒரு பையன் செஞ்சிக் கோட்டையின் வரைபடம் போட்டால் தப்பாகத்தான் போடுவான். அந்தப் படங்களில் ஒரு அம்புக்குறி, இது வடக்கு, இது மேற்கு என்று ஒரு எழுத்து, எத்தனை பாகைக் காட்சி என்று ஒரு எண் இருந்தால் போதும், நான் வாயை மூடிக்கொள்வேன். ஒரு படத்திலும் பார்க்கல.

இது புதுசும் இல்லை. பனோரமா என்ற சொல்லே போட்டோவுக்கு முந்தியது. ராபர்ட் பார்க்கர் 1787இல் காப்புரிமை வாங்கியது வட்ட அறைக்குள் சுற்றி மாட்டும் ஓவியத்துக்கு. 1800இல் லண்டனில் ஒரு பனோரமா பெரிய பேரெடுத்தது: ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகை, திப்பு சுல்தானின் வீழ்ச்சி. வரைந்தவர் ராபர்ட் கெர் போர்ட்டர், இருபத்து சொச்சம் வயசு. துணியின் நீளம் சுமார் 120 அடி. ஆறு வாரத்தில் முடித்தாராம். ஸ்ரீரங்கப்பட்டணத்தை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. காசு கொடுத்து உள்ளே போனவர்கள் போர்க்களத்தின் நடுவில் நின்றதாகவே நம்பினார்கள். நம் ஊர் முதல்முதலாக மேல்நாட்டுப் பனோரமாவில் ஏறியபோதே நிலைமை இதுதான்.

இதற்கு மாறான ஓர் ஒட்டுப் படமும் நம் ஊரில் எடுக்கப்பட்டிருக்கு. என் தப்பு தெரிந்த பிறகு நான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பது அதைத்தான்.

லின்னேயஸ் டிரைப், சென்னை ராணுவத்தில் கேப்டன். 1856இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். 1857 டிசம்பரில் பெட்டி படுக்கை, கேமரா, ரசாயனங்கள், கண்ணாடித் தகடுகள் எல்லாவற்றையும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பி ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை எடுத்தார். 21 படங்கள். அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளமுள்ள ஒரே பட்டையாக ஆக்கினார். கணக்குப் போட்டால் ஒரு படத்துக்குப் பதினோரு அங்குலம்கூட வராது. அதே வருஷம் லக்னோவில் ஃபெலிஸ் பியாட்டோ கலகம் முடிந்த நகரத்தைப் பனோரமாவாக எடுத்துக்கொண்டிருந்தார். அது நகரத்தின் இடிபாட்டைக் காட்ட. டிரைப் எடுத்தது எழுத்தைப் படிக்க. கோபுரம் இல்லை, வானம் இல்லை, நந்தி இல்லை. வெறும் கல்லும் எழுத்தும், 19 அடிக்கு.

எழுதியிருப்பது என்ன? நாம் கொடுத்தனவும், நம் அக்கன் கொடுத்தனவும், நம் பெண்டுகள் கொடுத்தனவும் கல்லிலே வெட்டுக என்று ராஜராஜன் உத்தரவு போட்ட கணக்குகள் அந்த அடித்தளத்தில் இருக்கு. நகை, விளக்கு, நெல். இதைப் படித்து அச்சில் கொண்டுவர ஹூல்ட்ஸ் வரவேண்டியிருந்தது. அவர் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளர் ஆனது 1886இல், தஞ்சைக் கல்வெட்டுகள் தொகுதியாக வரத் தொடங்கியது 1891இல். டிரைப் அதற்கு முப்பது வருஷம் முன்னாடி ஒரு கேமராவோடு அந்தச் சுவரோரம் அடிமேல் அடி வைத்து நகர்ந்திருக்கார்.

அந்தப் பட்டையை இப்போது ஸ்கேன் வடிவில் நிதானமாகப் பார்க்கலாம். ஒட்டின இடங்கள் தெரியும். ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நிறம் கொஞ்சம் மாறும். முதல் தடவை பார்த்தப்போ, பாவம் அந்தக் காலத்துல போட்டோஷாப் இல்லையே என்று நினைச்சேன். இப்போ அப்படி நினைக்கல. கோடு தெரிகிற இடத்தில் என் கண் தானாக நிதானிக்குது: இங்கே ஒரு படம் முடியுது, இந்த எழுத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படி. 21 துண்டுக்கு 20 எச்சரிக்கை. என் பனமலைப் படத்தில் 26 துண்டுக்கு ஒரு எச்சரிக்கையும் இல்லை.

டிரைப் ஒன்றும் சத்தியசந்தர் இல்லை என்பதையும் சொல்லணும். அந்தக் கால ரசாயனத்துக்கு நீல வானம் வெறும் வெள்ளையாகத்தான் விழும். வெள்ளை வானம் அவருக்குப் பிடிக்காது. நெகட்டிவின் மேலேயே கையால் மேகம் வரைந்தார், மரங்களுக்கு இலை தீட்டினார். பர்மாவில் எடுத்ததிலும் இங்கே எடுத்ததிலும் அப்படிப் பல படங்கள் உண்டு. ஆக ரீடச் பண்ணத் தெரியாத ஆள் இல்லை, நம் ஸ்டூடியோ தம்பிக்கு அண்ணன். அப்படிப்பட்டவர் கோபுரக் காட்சிக்கு மேகம் வரைகிறார், கல்வெட்டுக்கு வரும்போது துண்டுகளை வரிசையாக ஒட்டி அப்படியே விட்டுவிடுகிறார். எந்தப் படம் பார்ப்பதற்கு, எந்தப் படம் படிப்பதற்கு என்ற வித்தியாசம் அவருக்குத் தெரிந்திருக்கு என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். அந்த வித்தியாசம் ஆட்டோ என்ற பொத்தானுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல் போச்சு என்பதுதான் வருத்தம்.

(1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன் இதெல்லாம் ஆடம்பரச் செலவு என்று டிரைப்பின் வேலையை நிறுத்திவிட்டார். ஆவணப்படுத்துகிறவர்களுக்கு நிதி நிறுத்துவது அப்போதே ஆரம்பித்த வழக்கம்.)

கல்வெட்டுக்காரர்களின் மைப்படியும் இதே நேர்மையோடுதான் இருக்கும். ஈரக் காகிதத்தைக் கல்லில் ஒட்டி, பிரஷ்ஷால் அடித்துப் பள்ளத்துக்குள் இறக்கி, மேலே மை ஒற்றி எடுப்பது. நீளமான கல்வெட்டென்றால் பல தாள். தாளின் ஓரம் ஓரமாகவே இருக்கும், ஒவ்வொன்றிலும் எண் இருக்கும். லென்ஸ் இல்லாததால் அளவும் மாறாது. ஐயா அந்தப் பள்ளியில் வளர்ந்தவர். அவர் என் படத்தை நம்பியது, அதில் ஓரமே இல்லாததால்தான். முழுத் தாள் என்று நினைச்சுட்டார்.

சரி, இப்போ என்ன செய்கிறேன் என்று கேட்பீர்கள். போட்டோமெர்ஜை விட்டுவிடல. லேஅவுட்டில் ஆட்டோவுக்குப் பதில் ரீபொசிஷன் வைக்கிறேன், அது படங்களை இழுக்காமல் வளைக்காமல் நகர்த்தி மட்டும் வைக்கும். இழுக்காததால் சில இடத்தில் எழுத்து அரை மில்லிமீட்டர் உடைந்து நிற்கும், நிற்கட்டும். பிளெண்ட் டிக்கை எடுத்துவிட்டேன். நிறத்தைக் கரைக்கும்போது காலை ஏழு மணி நிழலும் ஏழே முக்கால் நிழலும் ஒன்றாகக் கலந்துவிடும். வெட்டா விரிசலா என்று சொல்ல நிழல் எந்தப் பக்கம் விழுது என்பதைத்தான் நம்பியிருக்கோம். நிரப்புகிற டிக்கை ஜென்மத்துக்கும் தொட மாட்டேன், ஓரம் பிய்ந்த தோசையாகவே இருக்கட்டும். எடுக்கும்போது சட்டத்துக்குள் தரை வராமல் எழுத்து வரிசையை மட்டும் நிரப்பி எடுக்கிறேன், சல்லி இல்லாவிட்டால் சல்லியைப் பிடிக்க முடியாது. ஹியூகினில் போட்டால் புள்ளிகளைத் திறந்து பார்த்து, கல்லில் இல்லாததை அழிக்க முடிகிறது. நேரம் பிடிக்கும், பரவாயில்லை. லேயர்களை ஒன்றாக்காமல் வைத்து, ஒட்டாத தனிப் படங்களையும் கூடவே கொடுக்கிறேன். இது கடைசியில் சொன்னாலும் இதுதான் முதல். ஒட்டுப் படத்தை மட்டும் கொடுத்துவிட்டுத் தனிப் படங்களை அழித்துவிடுகிறவர்களை எனக்குத் தெரியும், ஹார்ட் டிஸ்கில் இடமில்லை என்பார்கள்.

ஐயாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனபோது மல்லாட்டை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு ராத்திரி தூக்கம் போனதைப் பற்றி ஒன்றும் சொல்லல. "அந்தத் தச்சனைத்தான் தப்பா நெனச்சிட்டேன், அவன் சரியாத்தான் வெட்டியிருக்கான்" என்றார்.

போன ஞாயிறு விடிகாலையில் மறுபடி பனமலைக்குப் போனேன். இந்தத் தடவை 31 படம். எதையும் ஒட்டல. ஒவ்வொன்றின் மூலையிலும் எண் போட்டு, தனித்தனித் தாளில் பிரிண்ட் எடுத்து, கட்டாகக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சாயங்காலமே போன் வந்தது.

"ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவுல அரை எழுத்து விட்டுட்டியேப்பா. எப்ப போற?"